பெயர் பொறிக்காத எஃகு

சென்ற ஆயுத பூசையன்று தாராபுரத்தில் நம் பழைய மாணவர் ஒருவரின் பின்னலாடைக் கூடத்துக்குப் போயிருந்தோம். திருப்பூர் நிறுவனங்களுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் சிறிய கூடம் அது. ஓவர்லாக் இயந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். துணி வெட்டும் நீண்ட மேசையின் மேல் வாழையிலை விரித்துப் பொரியும் கடலையும் குவித்து, அதன் முன் கத்தரிக்கோல்களையும் வெட்டு இயந்திரத்தின் அலகுகளையும் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அந்த வரிசையின் நடுவில் புதிய பொருள் ஒன்று இருந்தது. எட்டு அங்குல அலகு, மான்கொம்புப் பிடி, பிடிக்கும் அலகுக்கும் இடையே பித்தளைத் தடுப்பு, முனையை நெருங்கும் இடத்தில் முதுகுப்புறம் பிறைபோல் உள்வாங்கிக் கூராகும் வடிவம். அமெரிக்கர் ‘போவி கத்தி’ என்று போற்றுவது அது. டெக்சாஸிலிருந்து ஆடை வாங்கும் ஒருவர் நம் மாணவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தாராம்.

அங்குள்ள கட்டிங் மாஸ்டர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இருபதாண்டுகளுக்கு மேல் கத்தரிக்கோலோடு வாழ்ந்தவர். கூர் பார்ப்பார் என்று நினைத்தோம். அவர் பார்த்தது வேறொன்று. பிடியை ஒட்டிய அலகின் அடிப்பகுதியில் ஒரு மனிதரின் பெயரும், அதனருகே தேர்ந்த கொல்லர் என்னும் தகுதியைக் குறிக்கும் ‘எம்.எஸ்.’ என்ற இரண்டெழுத்தும் இருந்தன.

“அடிச்சவரு பேரையே போட்டிருக்குதுங்களே சார்” என்றார்.

அவர் வியப்பு நம்மோடு வீடுவரை வந்தது. எஃகைத் தெய்வமாக வைத்து வணங்கும் ஊரில் நின்றுகொண்டிருந்தோம். தாராபுரமே பாரதத்து விராடபுரம் என்பது இவ்வட்டாரத்தின் நெடுநாளைய நம்பிக்கை. அஞ்ஞாதவாசம் புகுமுன் பாண்டவர் தம் படைக்கலங்களை வன்னி மரத்தில் மறைத்து வைத்துப் பின் எடுத்ததைத்தான் ஆயுத பூசையோடும் விசயதசமியோடும் சேர்த்துச் சொல்லுகிறோம். காண்டீவம் யாருடையது என்று நம் வீட்டுக் குழந்தையும் சொல்லும். ஆனால் நம் வீட்டு அரிவாளை அடித்தவர் பெயர் நமக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, அயலார் கத்தியிலிருந்து தொடங்கி நம் எஃகின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சண்டையில் பிறந்த புகழ்

ஜிம் போவி என்பவர் பெயரால் இக்கத்தி அழைக்கப்படுகிறது. 1827 செப்டம்பர் 19 அன்று மிசிசிப்பி ஆற்றின் மணல்திட்டு ஒன்றில், நாச்செஸ் நகருக்கு அருகில், இருவருக்கிடையே நிகழ்ந்த ஒற்றைக்கொற்றைத் துப்பாக்கிப் போர் உடன்வந்தவர்களின் கைகலப்பாக முடிந்தது. சுடப்பட்டும் குத்தப்பட்டும் வீழ்ந்து கிடந்த போவி தம் பெரிய கத்தியால் எதிரியைக் கொன்று பிழைத்தார். செய்தித்தாள்கள் அதைப் பரப்பின. 1836 மார்ச் 6 அன்று டெக்சாஸின் அலமோ கோட்டையில் அவர் மாண்டதும் மனிதர் காவியமானார். கத்தியும் உடன் காவியமாயிற்று. ஊர்தோறும் ‘போவி கத்தி’ கேட்டார்கள். அச்சம் கொண்ட அரசுகள் சட்டம் இயற்றின. 1837இல் அலபாமா மாநிலம் ஒவ்வொரு கத்தியின் விற்பனைக்கும் நூறு டாலர் வரி விதித்தது. 1838இல் டென்னசி மாநிலம் விற்பனையையே தடுத்தது.

அமெரிக்காவின் அடையாளமாகிய இக்கத்திகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் செய்யப்பட்டதன்று என்பது சுவையான செய்தி. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்துப் பட்டறைகள் அவற்றை ஆயிரக்கணக்கில் அடித்துக் கப்பலேற்றின. முதற்கத்தியைச் செய்தவர் யார் என்பதிலோ இன்றும் வழக்கு உண்டு. போவியின் அண்ணன் ரெசின் போவி அதன் வடிவத்துக்கு உரிமை கோரினார். ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் வாஷிங்டன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஜேம்ஸ் பிளாக் என்ற கொல்லரே செய்தார் என்பது மற்றொரு சாரார் கூற்று. கண்பார்வை இழந்திருந்த பிளாக், முதுமையில் தம் எஃகின் மறையை ஒருவருக்குச் சொல்ல முயன்றபோது அது நினைவுக்கு வராமல் கலங்கினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, கைத்தொழில் ஒன்று எப்படி மறைகிறது என்பதற்கு அதைவிடப் பொருத்தமான உருவகம் நமக்குத் தெரியவில்லை.

அங்கே அந்த மறைவு முடிவாகிவிடவில்லை. 1973இல் வில்லியம் மோரன் என்ற கொல்லர், வேறுவேறு இரும்புகளை அடுக்கடுக்காகச் சேர்த்தடித்து, நீரலை போன்ற வரிகள் கொண்ட கத்திகளைக் காட்சிக்கு வைத்தார். 1976இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தை நிறுவினர். பிளாக் வாழ்ந்த அதே வாஷிங்டன் சிற்றூரில் 1988இல் ஒரு கொல்லர் பள்ளியும் திறந்தது. அச்சங்கத்தில் தகுதி பெற விரும்புபவர் தாம் அடித்த கத்தியோடு தேர்வுக்கு நிற்க வேண்டும். தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். தடித்த மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பின்னும் கூர் மழுங்காமல் கைம்மயிரை மழிக்க வேண்டும். இறுதியில் அலகைப் பிடிப்பானில் இறுக்கித் தொண்ணூறு பாகை வளைத்தால் அது முரியக்கூடாது. தேறியவர் தம் பெயரை அலகில் பொறிப்பார். அந்தப் பெயரைத் தேடித்தான் சேகரிப்பாளர் வருகிறார். அவர் வாங்குவது கத்தியும் அதற்குப் பொறுப்பேற்கும் ஒரு பெயரும் சேர்ந்த பொருளை. பெயருக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு, மறுவிலை உண்டு, மாணவர் பரம்பரை உண்டு.

ஜப்பானியர் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்தனர். வாளின் பிடிக்குள் மறையும் காம்புப் பகுதியில் கொல்லர் கையொப்பம் வெட்டுவது அவர்கள் மரபு. பிடியைக் கழற்றினால் மனிதர் தெரிவார்.

நாற்பது கி.மீ. வடக்கே

இனி நம் பக்கம் வருவோம். தாராபுரத்திலிருந்து நேர் வடக்கே நாற்பது கி.மீ.க்குச் சற்று மேலே, நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிறது கொடுமணல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கு அகழ்ந்தனர். 2012இலும் 2013இலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சார்பில் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. மணிகள் செய்த தொழிற்கூடங்களோடு இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு காய்ச்சிய மூசைகளின் எச்சங்களும், ஈமக்குழிகளில் வாள் முதலிய படைக்கலங்களும் வெளிப்பட்டன. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே கொங்கில் உலை எரிந்திருக்கிறது.

இவ்வூரைப் பதிற்றுப்பத்து கொடுமணம் என்ற பெயரால் இரண்டிடங்களில் குறிக்கிறது என்பதை இவ்விதழின் வாசகர் அறிவர். கபிலரும் அரிசில்கிழாரும் சொல்வது அவ்வூரின் அணிகலத்தை. எஃகைப் பற்றி அவ்விடங்களில் பேச்சில்லை. கழுத்தில் ஒளிர்வது பாட்டுக்குள் நுழைந்தது. கையில் கனப்பது வெளியே நின்றது.

கொடுமணலில் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. பல, மனிதர் பெயர்கள். பானை தம்முடையது என்று காட்ட உடையவர் கீறிய பெயர்கள் அவை என்று கொள்வதே பொருந்தும். எழுத்தறிவு ஊருக்குள் பரவலாக இருந்தது. பெயர் எழுதும் பழக்கமும் இருந்தது. ஆயினும் எழுதப்பட்டது உடையவர் பெயர். இந்த ஒரு கோட்டை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அது அழியாமல் வருவதைக் காண்போம்.

படைக்கலம் சேகரித்தலைப் பற்றித் தமிழின் முதல் விமரிசனம் புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாட்டு என்பது நம் எண்ணம். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் காண்கிறார். மயிலிறகும் பூச்சரமும் நெய்ப்பூச்சுமாக, காவலுள்ள மனையில், கீறலின்றி மின்னுகின்றன அவன் வேல்கள். அதியமானின் வேல்களோ பகைவர் மேல் பாய்ந்து நுனி சிதைந்து, செப்பனிடுவதற்காகக் கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழித்த பாட்டென்று வகுப்பில் கற்பிக்கிறோம், சரிதான். ஆனால் இம்முறை அதைப் படித்தபோது கண் கொல்லன் கொட்டிலிலேயே நின்றது. பாட்டில் இரண்டு அரசர், ஒரு புலவர். வேல் மீண்டும் வேலாவது அந்தச் சிறு கொட்டிலில் இருக்கும் மூன்றாமவர் கையில். அவர் வெளியே வருவதில்லை. வேல் வடித்துத் தருவது கொல்லன் கடன் என்று பொன்முடியாரும் ஒரு வரியில் கடமையைப் பங்கிட்டுவிட்டுப் போகிறார்.

கொல்லருக்குச் சங்க நூல்களில் பெயரே இல்லையோ என்றால், உண்டு. மதுரைக் கொல்லன் புல்லன் பாட்டு குறுந்தொகையில் இருக்கிறது. மதுரைப் பெருங்கொல்லன் பாட்டும் அதே நூலில் இருக்கிறது. மதுரைக் கொல்லன் வெண்ணாகனார் நற்றிணையில் பாடியிருக்கிறார். இவர்களை நாம் அறிவது பாடியதால். உலைக்களத்து மனிதர் பெயர் பெற ஓலைக்கு வர வேண்டியிருந்தது.

ஆவாரங்குச்சியும் எருக்கிலையும்

தென்னாட்டு எஃகு மேனாட்டு ஆவணங்களில் ‘வூட்ஸ்’ என்று வழங்குகிறது. கன்னட ‘உக்கு’, தமிழ் ‘உருக்கு’ ஆகியவற்றின் வழி வந்த சொல்லாக அதைக் கருதுவர். செய்முறையைக் கண்டெழுதியவர்களில் இருவர் நம் ஊரோடு தொடர்புடையவர்கள்.

ஒருவர் பிரான்சிஸ் புக்கானன். திப்பு வீழ்ந்த மறு ஆண்டாகிய 1800இல் மைசூர் நாட்டையும் கொங்கையும் சுற்றி வந்தவர். தாராபுரத்தையும் கண்டு எழுதியவர். மைசூர்ப் பகுதியில் எஃகு காய்ச்சும் முறையை அவர் விரிவாகக் குறித்தார். மற்றவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனியின் வணிகப் பொறுப்பாளராகச் சேலம்–கோவைப் பகுதியில் இருந்தவர். காங்கயத்தை அடுத்த படியூரில் 1819, 1820ஆம் ஆண்டுகளில் பச்சைக்கல் சுரங்கம் நடத்தியவர். பின்னர் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர்.

ஹீத் எழுதியுள்ள முறை இது. இரும்பைச் சிறு துண்டுகளாக்கி மண்மூசைக்குள் நெருக்கி அடுக்குவர். இரும்பின் எடையில் பத்திலொரு பங்கு, உலர்ந்த ஆவாரங்குச்சிகளைப் பொடியாக நறுக்கி இடுவர். மேலே எருக்கிலை ஒன்றோ இரண்டோ மூடுவர். மூசையின் வாயைப் பிசைந்த மண்ணால் அடைத்து உலர்த்துவர். ஒரு மூசையில் அரை ராத்தல் முதல் இரண்டு ராத்தல் வரை இரும்பு கொள்ளும். இருபது முதல் இருபத்து நான்கு மூசைகளை வளைவாக அடுக்கிக் கரியிட்டு இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினால் வேலை முடிந்தது. ஆறிய பின் மூசையை உடைத்தால் அடியில் எஃகுக் கட்டி இருக்கும்.

ஆவாரையும் எருக்கும் தாராபுரத்துச் சாலையோரத்தில் இன்றும் நிற்பவை. மூடிய மூசைக்குள் அவை கரியாகி, இரும்பை உருக்காக மாற்றின. உலகப் புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்களின் நீரலை வரிகள் இத்தகைய கட்டிகளிலிருந்தே பிறந்தன. மோரன் செய்ததுபோல் அடுக்கிச் சேர்த்த வரிகள் அல்ல இவை. கட்டிக்குள்ளேயே உறைந்திருந்து, தாழ்ந்த சூட்டில் பலமுறை அடிக்க அடிக்க மேலெழும் வரிகள். இந்தக் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அற்றுப்போனது. 1990களில் ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியரும் ஆல்பிரட் பெண்ட்ரே என்ற அமெரிக்கக் கொல்லரும் சேர்ந்து அதை மீட்டனர். தாதுவில் மிகச் சிறு அளவில் கலந்திருக்கும் வனேடியம் போன்ற தனிமங்களே வரிகளுக்குக் காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அறிவியல் கட்டுரையில் பேராசிரியர் பெயரோடு கொல்லர் பெயரும் ஆசிரியராக நிற்கிறது. நாம் அதையும் குறித்துக்கொண்டோம்.

1790களில் இந்த எஃகு இலண்டன் அறிஞர் கைக்குப் போனது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி அரச கழகத்தில் கட்டுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற இலண்டன் கத்திக்காரர் பல்லாண்டு சோதித்துப் பார்த்து, ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதையே தாம் விரும்புவதாக வணிக அட்டையிலேயே அச்சிட்டார். கொல்லர் மகனாகிய மைக்கேல் பாரடே 1819இல் அதைப் பகுத்தாய்ந்து, பின் ஸ்டோடர்டுடன் சேர்ந்து அதைப் போலச் செய்ய முயன்றார். இத்தனை பெயர்களும் எஃகின் வரலாற்றில் உள்ளன. அவர்கள் கையில் இருந்த கட்டியைக் காய்ச்சியவர் மட்டும் ‘உள்நாட்டார்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டார்.

ஹீத்தின் பிற்காலம் நம்மைப் போவி கத்திக்கே திருப்பிக் கொண்டுபோகிறது. இங்கிலாந்து திரும்பிய அவர் மாங்கனீசைச் சேர்த்து வார்ப்பெஃகைச் செம்மையாக்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு அம்முறையைக் கைக்கொண்டது, எஃகு மலிந்தது. போவி கத்திகள் அமெரிக்காவுக்குக் குவிந்த காலமும் அதுவே. அந்த உத்தியை ஹீத் சேலத்திலோ படியூரிலோ கற்றார் என்று நாம் சொல்ல வரவில்லை. படியூர் மண்ணை மிதித்த ஒருவரின் கைவண்ணம் அமெரிக்கக் காட்டுக் கத்தியின் எஃகோடு கலந்திருக்கக்கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம். தம் பெயருக்குரிய பயனை ஹீத்தும் பெறவில்லை. காப்புரிமை வழக்குகளில் கைப்பொருள் கரைந்து, 1851இல் ஷெபீல்டிலேயே மறைந்தார். வழக்கு அவருக்குப் பின்னும் நடந்தது.

பழைய இரும்பு

வாள் அடித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் சொல்லும்.

தாராபுரம் கோட்டை மைசூர்ப் போர்களில் கைமாறிக்கொண்டே இருந்தது. 1783இல் கர்னல் புல்லர்டன் பிடித்தார். மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கைப்படி திப்புவிடம் திரும்பியது. 1790இல் ஆங்கிலேயரிடம் போய் அதே ஆண்டில் மீண்டும் திப்பு வசமானது. அந்த நாளில் கொல்லர் உலைக்கு ஓய்வு இருந்திருக்காது. பாளையக்காரர் போர்களை அடக்கிய பின், 1801 டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையங்களில் படைக்கலம் தாங்குவதைத் தடை செய்தது. வாளுக்குத் தேவை போனது. பின்வந்த ஆண்டுகளில் ஷெபீல்டின் மலிந்த எஃகு கப்பலில் வந்தது. காடு சார்ந்த சட்டங்கள் கரிக்கு விலை வைத்தன. உலை ஒவ்வொன்றாக அணைந்தது.

இரண்டாவது தஞ்சையில். 1855இல் மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசு கம்பெனியிடம் போயிற்று. நாயக்கர் காலந்தொட்டுச் சேர்ந்த மாபெரும் படைக்கலக் கொட்டில் கலைக்கப்பட்டது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த வால்ஹவுஸ் என்பவர் 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் அக்கதையை எழுதினார். தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. குவியல் குவியலாக மற்றவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. தப்பியவற்றின் சிறப்பை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். கையை மூடும் வளைந்த தகடும், யாளியும் இலையுமாகக் குடைந்த எஃகு வேலைப்பாடும் கொண்ட கட்டாரிகள் அவை. ராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட நூல் இத்தொகுதியை உலகின் பார்வைக்குக் கொண்டுசென்றது. வெளிநாட்டுக்குப் போனவையும் பல. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் உயில்வழி 1935இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் பெற்ற படைக்கலங்களில் இந்தியப் பொருள்கள் நிறைய உண்டு.

தஞ்சைக் கட்டாரிகளில் ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. பலவற்றில் பிடி மட்டுமே உள்ளூர் வேலை. அலகு ஐரோப்பாவிலிருந்து வந்த வாளின் துண்டு. அவ்வலகு சிலவற்றில் ‘ஆண்ட்ரியா பெராரா’ என்ற இத்தாலியக் கொல்லரின் பெயர் காணப்படும். போலிப் பொறிப்புகளும் அவற்றுள் உண்டு. விற்கும் என்பதற்காகவே அப்பெயர் ஐரோப்பா முழுவதும் பொறிக்கப்பட்டது. அயலார் பெயர் தாங்கிய அலகுக்கு அழகிய பிடி செய்த தஞ்சைக் கொல்லர், அந்தப் பிடியில் தம் பெயரை இடவில்லை.

2023 மே மாதம் இலண்டன் ஏலத்தில் திப்புவின் வாள் ஒன்று ஒரு கோடியே நாற்பது இலட்சம் பவுண்டுக்குப் போனது. ஏலத்தில் விலை பேசியது எஃகைவிட மிகுதியாக உடையவர் பெயர். கொடுமணல் பானையோட்டில் பார்த்த கோடு இதுவே.

உபயம் இன்னார்

இன்று நம் நாட்டில் கைவினைக் கத்தி சேகரிப்பவருக்கு வழி குறுகியது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுகளை, வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கு உரியவை நீங்கலாக, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள் படைக்கலமாகக் கருதுகின்றன. நூறாண்டு கடந்தவை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. ஆனால் பெருந்தொகுதிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. அவை கோயில்களில் இருக்கின்றன. கருப்பணசாமிக்கும் மதுரைவீரனுக்கும் நேர்ந்துகொண்டு நட்டுவைத்த அரிவாள்களைப் பாருங்கள். ஆளுயரம் உள்ளவை உண்டு. சிவகங்கைச் சீமைத் திருப்பாச்சேத்தியின் அரிவாள் பெயர் தமிழ்நாடு முழுதும் பரவியது. 2005இல் ஒரு திரைப்படத்தின் பெயரையே அவ்வூர் நினைவில் வைத்தார்கள். அங்கும் ஊருக்குப் பெயர் கிடைத்தது. கோயில் அரிவாளின் அலகில் எழுத்து இருக்கும். குனிந்து படித்தால் ‘உபயம்’ என்றிருக்கும். கீழே காணிக்கை தந்தவர் பெயர் இருக்கும்.

அடக்கம் என்று இதைச் சிலர் போற்றுவர். சிற்பியும் கையொப்பமிடவில்லை, கோயில் கட்டியவரும் கையொப்பமிடவில்லை, தம்மை மறைத்துக்கொண்ட கலை நம்முடையது என்பர். நாமும் வகுப்பில் அப்படிப் பேசியிருக்கிறோம். இப்போது ஐயம் வருகிறது. தாமே மறைத்துக்கொண்டார்களா, அன்றிக் களத்து மேட்டில் தவசம் அளந்து கொடுத்துப் பெயர் கேளாமல் நாம் திரும்பிவிட்டோமா?

இதைக் கேட்கும் தகுதி நமக்குக் குறைவு. நம் தாத்தாவிடம் ஒரு சூரிக்கத்தி இருந்தது. ஆட்டுக்கொம்புப் பிடி, விரல் நீளத்துக்குச் சற்று மிகுந்த அலகு. பாக்குச் சீவவும், கன்றின் கயிறு அறுக்கவும், பனங்காய் வெட்டவும் அதுவே. தாத்தா காலமான பின் துருவேறிப் பரணில் கிடந்தது. எட்டாம் வகுப்புக் கோடை விடுமுறையில், தெருவில் ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்ற குரல் கேட்டதும், ஓட்டை வாளியோடு சேர்த்து அதையும் எடுத்துப் போட்டது நாமே. தராசில் கத்தியின் எடை அசைவே காட்டவில்லை. கை நிறையப் பழம் கிடைத்தது. தஞ்சைக் கொட்டிலை உடைத்து விற்றவர்கள்மேல் சினம் கொள்ளும்போதெல்லாம் அந்தப் பழத்தின் இனிப்பு நாவில் வந்துவிடுகிறது.

அண்மையில் அம்மாவிடம் கேட்டோம், அந்தக் கத்தியை அடித்தது யாரென்று. “நம்ம ஊரு ஆசாரிதான், வேற யாரு?” என்றார். பெயர்? நெடுநேரம் யோசித்தார். அவர் வீட்டுத் திண்ணை நினைவிருந்தது. துருத்தி ஊதிய பையன் முகம் நினைவிருந்தது. எருதுக்கு லாடம் கட்டிய இடம் நினைவிருந்தது. பெயர் மட்டும் வரவில்லை. ‘ஆசாரி’ என்றே நாற்பதாண்டு கூப்பிட்டிருக்கிறார்கள்.

பூசை முடிந்த வாரத்தில், தாராபுரத்துச் சாலையோரப் பட்டறை ஒன்றுக்குப் போனோம். அறுபதைக் கடந்த பெரியவர். சாய்ப்பின் ஓரத்தில் பழைய லாரி வில்பட்டைகள் அடுக்கிக் கிடந்தன. அந்தப் பட்டையின் எஃகையே அமெரிக்கக் கொல்லர் பலரும் விரும்பி எடுக்கின்றனர் என்று சொன்னோம், அவர் வியப்படையவில்லை. “வேற எதுலீங்க நிக்கும் பதம்?” என்றார். காய்கறி நறுக்க ஒரு கத்தி கேட்டோம். பட்டையைத் துண்டித்து, காய்ச்சி, பட்டறைக்கல்லில் வைத்து இழுத்து, கூர்ப்பக்கத்தை மட்டும் எண்ணெயில் தோய்த்தெடுத்து, சாணை பிடித்து முடிக்க அரைப்பொழுது ஆயிற்று. சூடு போதுமா என்பதை நிறத்தைப் பார்த்தே முடிவு செய்தார். உச்சி வெயிலில் நிறம் தெரியாதென்று கோணிப் படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டார். கயிறு அறுக்கும் தேர்வும் வளைக்கும் தேர்வும் அவருக்கு யாரும் வைத்ததில்லை. ஊரார் திரும்பி வருவதே அவர் பெற்ற சான்று.

கத்தியில் பெயர் வெட்ட முடியுமா என்று கேட்டோம்.

“வெட்டலாமுங்க. உங்க பேரு சொல்லுங்க” என்று உளியைக் கையில் எடுத்தார்.

எம் பெயர் வேண்டாம், உங்கள் பெயர் வேண்டும் என்றோம். முதலில் விளங்கவில்லை அவருக்கு. விளங்கியதும் சிரித்தார். “எம் பேரு எதுக்குங்க? கத்தி வெட்டுனாப் போதாதுங்களா?” என்றார். நாம் விடவில்லை. சற்று நேரம் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிடியை ஒட்டிய இடத்தில் உளியை வைத்து இரண்டு எழுத்து வெட்டினார். ஒன்று தம் பெயரின் முதலெழுத்து. அதற்கு முன்னால் நின்றது தந்தை பெயரின் முதலெழுத்து.

“தொழில் அவரு சொல்லிக் குடுத்ததுங்க” என்றார்.

அடுத்த ஆயுத பூசைக்கு முன் நம் துறை மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் உள்ள ஓர் இரும்புப் பொருளை எடுத்து, அதை அடித்தவர் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். மதிப்பெண் இல்லாத பயிற்சி. இதுவரை வந்த தாள்களில் பாதிக்கு மேல் ‘ஆசாரி’ என்றே எழுதியிருக்கிறது. மீதியில் பெயர்கள் இருக்கின்றன.